சின்னப் பிள்ளைகளின் ரத்தம்

"ரத்தத்துக்குள்ள யாரும்மா இருக்கா?"

முத்துப்பேச்சி இப்படிக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது நிறைந்திருக்கவில்லை. 1989ஆம் ஆண்டு, தை முடியப்போகிற நேரம். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த ஒரு சிறிய லேபில், விடாத காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க வந்து, அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்திருந்த கருத்தையாதான் பதில் சொன்னார்.

"சிப்பாய்க இருக்காக தாயி. வெள்ளைச் சிப்பாய்க. எந்தப் படையில எத்தனை பேர் நிக்காகன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"சண்டை போடுவாகளா?"

"நோய் வந்தாப் போடுவாக."

"இப்பப் போடுதாகளா?"

அவர் கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டே போனார்.  பிள்ளையின் தாய் வெள்ளத்தாய் அவளை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

கருத்தையா பட்டாளத்து ஆஸ்பத்திரி லேபில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர். ஒருமுறை எண்ணியதை மறுமுறை எண்ணாமல் எழுத மாட்டார். முடிவு எழுதிக் கொடுக்கும் தாளின் வலது ஓரத்தில், இயல்பாக இருக்கவேண்டிய அளவுகளையும் சேர்த்து அச்சடித்து வைத்திருந்தார். அந்த அளவுக்கு வெளியே போனதை எல்லாம் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடுவார். பட்டாளத்தில் பழகிய பழக்கம் அது. இங்கே அவரிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் மில் தொழிலாளர்கள்தான் என்பதால் அந்தப் பழக்கத்தால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.

முத்துப்பேச்சியின் தாளில் இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்தன. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை நூற்றுக்கு முப்பத்திரண்டு, குறைவு. லிம்போசைட் என்ற வகை அறுபத்திரண்டு, மிக அதிகம்.

தாளைப் பார்த்த டாக்டர் பிள்ளையின் கழுத்தைத் தடவினார். நெறி கட்டியிருக்கிறது என்றார். சாப்பிடுகிறாளா, எடை கூடியதா, சளி அடிக்கடி பிடிக்கிறதா என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் வெள்ளத்தாயின் பதில் அவருடைய சந்தேகத்தின் பக்கமே போய் நின்றது.

"பிரைமரி காம்ப்ளக்ஸ் மாதிரித் தெரியுது. பிள்ளைகளுக்கு வர்ற காசம்னு வச்சுக்கோங்க. ஊசி ஆரம்பிச்சிருவோம். வீட்டுல யாராவது ரொம்ப நாளா இருமுறாங்களா?"

"வீட்டுல யாரும் இல்லீங்க" என்று தொடங்கிய வெள்ளத்தாய் பாதியில் நிறுத்தினாள்.

அடுத்த வீட்டில் பரிபூரணம் இருந்தாள்.

ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் குடியிருக்கும் வளவு அது. பரிபூரணத்துக்கு ஐம்பது வயதிருக்கும். பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கும் புளோ ரூமில் வேலை பார்த்தவள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் மில்லை விட்டு நின்றுகொண்டாள். கணவனும் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. வளவுப் பெண்கள் பாண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அதில்தான் அவள் அடுப்பு எரிந்தது. அவள் வீட்டில் சத்தம் இருந்ததும் அந்தப் பிள்ளைகளால்தான். முத்துப்பேச்சியும் அவர்களில் ஒருத்தி; எல்லோருக்கும் அவள் பெரியம்மா.

அவள் இருமுவாள். எப்போதும் இருமுகிறவள்தான். அதனால் அன்றுவரை அது யார் காதிலும் விழுந்ததில்லை.

அன்று முதல் வெள்ளத்தாயின் காதில் வேறு எதுவும் விழவில்லை. சோறு வடிக்கும்போது கேட்டாள். தலை சீவும்போது கேட்டாள். இருமல் வரும்போது பரிபூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போவதை முன்பும் பார்த்திருக்கிறாள். அப்போது மரியாதையாகத் தெரிந்தது, இப்போது ஒளிப்பதாகத் தெரிந்தது.

"பெரியம்மா கஞ்சி எப்படிக் குடுப்பாக?" என்று மகளிடம் விசாரித்தாள்.

"ஊதி ஊதிக் குடுப்பாக."

"வாயாலயா?"

"பொறவு மூக்காலயா ஊதுவாக?" என்று சிரித்தது பிள்ளை.

வெள்ளத்தாய் சிரிக்கவில்லை.

மறுநாள் பரிபூரணம் குழாயடிக்குப் போன சமயம் பார்த்து அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். சுவர் மாடத்தின் உச்சியில், வேதப் புத்தகத்துக்குப் பின்னால், பெயர் ஒட்டாத ஒரு சீசா இருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். இருமலுக்குக் குடிக்கும் ஆடாதொடைச் சாறு. மருந்தை மறைத்து வைத்துக் குடிக்கிறாள்! சின்னப் பிள்ளைகள் கைநீட்டும் வீட்டில் மருந்தை உயரத்தில்தான் வைப்பார்கள் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பிய கணவன் மலைச்சாமியிடம் சொன்னாள்.

"பஞ்சுத் தூசியில நின்ன யாரு இருமாம இருக்கா? நானும்தான் இருமுதேன்" என்றான் அவன்.

"நீங்க இருமுதது வேற."

"எப்படி வேற?"

"உங்க இருமல் எனக்குத் தெரியும்."

"அந்தக்கா இருமலும் நீ வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து கேக்குததுதான" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான். மேலே பேச அவனுக்கும் துணிவில்லை. பிள்ளைக்கு அன்றுதான் இரண்டாவது ஊசி போட்டிருந்தார்கள், தொட்டாலே அழுதது.

வெள்ளத்தாய் கம்பெனியில் பாண்டேஜ் துணியைச் சுருட்டி அடுக்கும் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது தாளையும் விரித்துக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த அதே வளவு அய்யம்மாள்தான் முதலில் பேசினாள். அவளுடைய மூத்தவன் காளிராஜ் பள்ளிக்கூடம் விட்டபின் பரிபூரணம் வீட்டுக்குப் போவான். இளையது நாள் முழுவதும் அங்கேதான் கிடக்கும்.

"ஏட்டி, நல்லாத் தெரியாம ஒரு பொம்பளை பொழப்புல மண்ணப் போடாத."

"அப்ப உன் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பாரு. தெரிஞ்சுரும்."

கருத்தையா எல்லாப் பிள்ளைகளுக்கும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார். பிள்ளைகள் விஷயம் என்று அன்று பிற்பகல் முழுவதும் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. நல்ல மனதோடுதான் அந்த உதவியைச் செய்தார்.

முத்துப்பேச்சியோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். நான்கு தாள்களில் சிவப்புக் கோடுகள். அந்த நான்கிலும் லிம்போசைட் ஐம்பதைத் தாண்டியிருந்தது. காளிராஜின் தாளில் மட்டும் கோடே இல்லை.

இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அய்யம்மாளே சொல்லிவிட்டாள்:

"அவன் சாயங்காலம் செத்த நேரம்தான் அங்க இருக்கான். அதான் தப்பிச்சான். பகல் பூரா கிடந்த சின்னது மாட்டிக்கிடுச்சே!"

கேட்டவர்கள் எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். கணக்கு அத்தனை சரியாக இருந்தது.

மறுநாள் பரிபூரணம் வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. அவளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. உமியும் அரிசியும் போல ஒட்டிப் பழகிய வளவு, ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொண்டது. கம்பெனியில் துணி வெளுக்க வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரை வெள்ளத்தாய் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். நோய்க்கிருமி வெளியே வராதிருக்க, பரிபூரணத்தின் வாசல்படியில் தானே அதைத் தூவினாள். அய்யம்மாளும் மற்றவர்களும் அடுத்தடுத்த நாட்களில் கொண்டுவந்து போட்டார்கள். அந்த நெடி பரிபூரணத்துக்கு ஆகவில்லை. மூச்சை அடைத்து, முன்னைவிடப் பலமாக இருமினாள்.

"கேட்டியா? முத்திப்போச்சு" என்றார்கள் வெளியே.

தெருவில் போகிற பிச்சைக்காரனுக்குக்கூட இவர்கள் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகளைப் பற்றிய பயம் அவர்களை இப்படி ஆக்கிற்று. பயத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் கடவுளிடம்கூட அபிப்பிராயம் கேட்பதில்லை.

ஒரு காலையில் பரிபூரணம் வெள்ளத்தாயின் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, முற்றத்து வேம்புக்கு அப்பால் நின்றாள்.

"வெள்ளத்தாயி, பேச்சிக்கு ஊசி போடுதாகளாமே. காய்ச்சல் விட்டிருச்சா?"

"இல்ல" என்றாள் வெள்ளத்தாய், முகத்தைப் பார்க்காமல்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில பிள்ளைக டாக்டரம்மா ஒருத்தவிய இருக்காகளாம். கோயில்ல சொன்னாக. அங்க ஒருதரம் காட்டிரு தாயி. நானும் வாரேன். எனக்கு என்ன சீக்குன்னு அவியளே பார்த்துச் சொல்லட்டும். எம்மேல இருந்தாத் தெரிஞ்சுபோகட்டுமே. பிள்ளைக பாவம்."

யார் இவளிடம் சொன்னது என்று வெள்ளத்தாய் திகைத்தாள். யாரும் சொல்லவில்லை, வாசல்படியில் கிடந்த பவுடரே சொல்லியிருந்தது.

ஒப்புக்கொண்டாள். இரக்கப்பட்டு அல்ல. பெரியாஸ்பத்திரியே ஊர்ஜிதம் செய்துவிட்டால் வளவை விட்டே இவளைக் கிளப்பிவிடலாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. சாட்சிக்கு ஐந்து பிள்ளைகளின் தாளையும் வாங்கி எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பரிபூரணம் பின் வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, வழி நெடுக முகத்தை வெளியே திருப்பியிருந்தாள். முத்துப்பேச்சி அம்மாவின் தோள்மேல் எட்டி, "பெரியம்மா, இங்க வா! இங்க எடம் இருக்கு!" என்று கூப்பிட்டது. அவள் கண்ணால் சிரித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நோய் இல்லாதவள் எதற்காக ஒதுங்கி உட்காருகிறாள் என்று வெள்ளத்தாய் நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டரம்மா இளம் வயதுக்காரர். குரலில் அதட்டல் இல்லை. பரிபூரணத்தின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சளி எடுத்துக் கொடுக்கச் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு முத்துப்பேச்சியின் கழுத்தை, அக்குளை, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளத்தாய் ஐந்து தாள்களையும் மேஜையில் பரப்பினாள்.

"பாருங்கம்மா. அந்தம்மா கிட்ட இருந்த பிள்ளைக எல்லாத்துக்கும் ரத்தம் கெட்டுப்போச்சு. இந்தப் பையன் மட்டும் கொஞ்ச நேரம்தான் அங்க இருப்பான். அவனுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா தாள்களை வரிசையாகப் பார்த்தார். கடைசித் தாளைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பையனுக்கு என்ன வயசு?"

"ஏழு முடிஞ்சிருச்சு."

"மத்த பிள்ளைங்களுக்கு?"

"எல்லாம் நாலுக்கு உள்ள. ஒண்ணுக்கு ஒன்றரைதான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, வலது ஓரத்தில் அச்சடித்த அளவுகள்மேல் விரலை வைத்தார்.

"இது பெரியவங்க அளவும்மா. பிள்ளைங்க ரத்தம் இப்படி இருக்காது. பிறந்த அன்னைக்கு நியூட்ரோஃபில்தான் கூட. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள லிம்போசைட் முந்திரும். அப்புறம் நாலஞ்சு வயசு வரைக்கும் அதுங்கதான் அதிகம். அந்த வயசுல ரெண்டும் ஏறக்குறையச் சமமாகும். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பெரியவங்க கணக்குக்கு வரும். உங்க பொண்ணுக்கு அறுபத்திரண்டு. இந்த வயசுக்கு அது சரியான ரத்தம்."

வெள்ளத்தாய்க்குப் புரிய நேரமாயிற்று.

"ஏம்மா அப்படி?"

"இந்த வயசுல உடம்புக்கு எல்லாக் கிருமியும் புதுசு. ஒவ்வொண்ணையும் முதல் தடவையாப் பார்த்து அடையாளம் பழகணும். பழகுற அணுக்கள் அதுதான்."

"புதுசாத் தொறந்த மில்லுல வேலை பழகுத பிள்ளைகதான கூட்டமா நிக்கும், அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்று சிரித்தார் டாக்டரம்மா. "அப்ப அந்தப் பையன் தப்பிக்கல. வளர்ந்துட்டான். அவ்வளவுதான்."

"கழுத்துல நெறி?"

"பட்டாணியவிடச் சின்னது. சளி பிடிக்கிற பிள்ளைங்க கழுத்துல இது தட்டுப்படும். ஊசி போட்டவரையும் நான் குறை சொல்லல. காசம் இருக்கிற ஊர்தான், சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனா சந்தேகத்த இருமுறவங்களைக் கூட்டிட்டு வந்து பார்த்துல்ல தீர்த்துக்கணும்? அந்தம்மாவே வந்திருக்காங்க. நல்லவங்க."

காசம் உண்டா என்று பார்க்கப் பிள்ளையின் கையில் ஒரு தோல் ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

வெளியே மரத்தடி பெஞ்சில், யாரும் இல்லாத ஓரமாக, சளி டப்பாவை மூடிக் கையில் வைத்தபடி பரிபூரணம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று கேட்டாள்:

"பிள்ளைக்கு என்னவாம்?"

"ஒண்ணும் இருக்காதாம்."

"ஸ்தோத்திரம்" என்றாள் பரிபூரணம்.  அப்படியானால் என் மேல் ஏன் பழி போட்டாய் என்று கேட்பாள் என வெள்ளத்தாய் காத்திருந்தாள். அவளோ, "பசிக்கும். இட்லி வாங்கிக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி போனபோது எல்லாம் தெளிவாயிற்று. முத்துப்பேச்சியின் கையில் தடிப்பு எழும்பவில்லை, எக்ஸ்ரே சுத்தம். ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் அதற்குள் தானாகவே விட்டிருந்தது. பரிபூரணத்தின் சளியிலும் கிருமி இல்லை. நெஞ்சில் இருந்தது பஞ்சுத் தூசி கொடுத்த இருமல், யாருக்கும் ஒட்டாது. நெடியும் தூசியும் ஆகாது என்று எச்சரித்து மாத்திரை கொடுத்தார்கள்.

வெள்ளத்தாய் முதலில் லேபுக்குத்தான் போனாள். கருத்தையா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். டாக்டரம்மா சொன்னதை அவள் திருப்பிச் சொல்லச் சொல்ல அவர் அச்சடித்த தாளின் வலது ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு வயசுச் சிப்பாய் பட்டாளத்துல ஏது தாயி?" என்றார் கடைசியில். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "பெரிய ஆம்பளைக ரத்தத்தையே பார்த்துப் பார்த்துப் பழகிட்டேன். அத்தனையும் இந்தப் பென்சில் பண்ணுன கூத்து."

கம்பெனியில் அய்யம்மாள் எளிதில் விடவில்லை.

"அன்னைக்கு நீதானட்டி சிவப்புக் கோட்டைக் காட்டிக் காட்டி எங்க வயித்தக் கலக்குன? இன்னைக்கு நீயே வந்து ஒண்ணும் இல்லங்குத. நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"நாளைக்கும் இதத்தான் சொல்லுவேன். அன்னைக்குத் தெரியாமச் சொன்னேன், இன்னைக்குத் தெரிஞ்சு சொல்லுதேன்."

"தெரியாமச் சொன்னதுக்கே எம்புட்டுச் சத்தம் போட்ட!"

சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளத்தாய் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டாள். மாலையில் கருத்தையாவே கம்பெனி வாசலுக்கு வந்து, தப்பு தன்னுடையது என்று ஒவ்வொரு தாயிடமும் சொன்னார். வயதான பட்டாளத்துக்காரர் கைகூப்பி நின்றதைப் பார்க்க அய்யம்மாளுக்கே தாளவில்லை.

"விடுங்கண்ணாச்சி. நாளைக்கு ரெண்டையும் கொண்டுபோய் அங்க விட்டிருதேன்" என்றாள்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு வீட்டார் மட்டும் வரவில்லை. தங்கள் குழந்தையை வேறிடத்தில் விட்டுக்கொண்டார்கள். ஒருமுறை விழுந்த சந்தேகம் சில மனங்களில் காரணம் போனபிறகும் குடியிருக்கும்.  பரிபூரணம் பழையபடி கஞ்சியை ஊதப் போய், சட்டென்று நிறுத்தி, விசிறியால் ஆற்றத் தொடங்கியிருந்தாள். அதை வெள்ளத்தாய் ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பரிபூரணம் கோயிலுக்குப் போயிருந்தாள். மலைச்சாமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். வளவில் மற்றவர்கள் சந்தைக்கோ சினிமாவுக்கோ போயிருக்க, கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வெள்ளத்தாய் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு பரிபூரணத்தின் வாசலில் மண்டியிட்டாள்.

பவுடர் பனியில் நனைந்து, காய்ந்து, கல்லின் துளைகளில் சுண்ணாம்பைப் போல இறுகியிருந்தது. பரிபூரணம் கூட்டித்தான் பார்த்திருக்கிறாள். தேய்த்துக் கழுவ அவளுடைய மூச்சு விடவில்லை. வெள்ளத்தாய் தேய்த்தாள். நெடி கண்ணில் ஏறியது. விரல் இடுக்குகள் எரிந்தன. அவளுக்கும் இருமல் வந்தது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி தேய்த்தாள். படியை முடித்து, அவள் போட்டதும் மற்றவர்கள் போட்டதுமாகச் சுவரடியில் படிந்திருந்ததையும் சுரண்டி எடுத்து, நெடி அடங்கும்வரை வாளி வாளியாக நீர் ஊற்றித் தள்ளினாள். கழுவிய நீரைக் குழந்தைகள் மிதிக்காதபடி சாக்கடைவரை கொண்டுபோய் விட்டாள்.

பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எரிகிற கைகளில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

பரிபூரணம் கோயிலிலிருந்து வந்தபோது படி காய்ந்திருந்தது.